கட்டிடத்துக்குக் காசு வரும், கரண்ட் பில்லுக்கு? கனடாவிலுள்ள எங்கள் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், முதியோர் மன்றங்களின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

ஸ்காபரோவில் நடந்த பொங்கல் விழா ஒன்றில், கனடா கீதமும் தமிழ்த்தாய் வாழ்த்தும் முடிந்த கையோடு, பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை மேடையேறி, இந்த நிலத்தின் பூர்வகுடிகளுக்கு நன்றி சொல்லும் நில அங்கீகார உரையை வாசித்தது. தமிழில் வாசித்தது. "வில்லியம்ஸ் உடன்படிக்கை" என்ற இடத்தில் கொஞ்சம் தடக்கி, திரும்பச் சொல்லிச் சரிப்படுத்தியது. சபை கைதட்டியது. நானும் தட்டினேன். அடுத்த நிகழ்ச்சி தொடங்கிய பிறகும் எனக்கு அந்தச் சொல்லைவிட்டு மனம் நகரவில்லை.

1923-இல் அரசு ஏழு பூர்வகுடிச் சமூகங்களோடு செய்த உடன்படிக்கை அது. நாங்கள் வீடு வாங்கியிருக்கிற, கோயில் கட்டியிருக்கிற ஸ்காபரோவும் மார்க்கமும் அதற்குள் வருகின்றன. கையெழுத்திட்ட ஏழு சமூகங்களில் ஒன்று கேர்வ் லேக். பீற்றர்பரோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோடையில் மீன்பிடிக்கவும் கொட்டேஜில் தங்கவும் எங்கள் ஆட்கள் குடும்பத்தோடு போய்வருகிற பகுதி. அந்தக் கேர்வ் லேக், வட ஒன்ராறியோவின் நெஸ்கன்ராகாவோடும் மனிரோபாவின் ஒரு கிறீ சமூகத்தோடும் சேர்ந்து, குடிக்கத் தண்ணீர் தா என்று மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டது. 2021-இல் சுமார் 8 பில்லியன் டொலருக்கு அந்த வழக்குத் தீர்ந்தது. பிள்ளை மேடையில் நன்றி சொன்ன சமூகங்களில் ஒன்று, தண்ணீருக்காக நீதிமன்றப் படியேறியிருக்கிறது.

நான் ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஒரு நகரசபையின் குடிநீர் நிலையத்தில் 19 வருடமாக ஒப்பரேற்றராக வேலை செய்கிறேன். இந்த மடலை மத்திய அரசு இருக்கும் ஒட்டாவாவுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம், இந்தத் தண்ணீர்ப் பிரச்சினையின் அடி எங்கே இருக்கிறது என்பது மற்றவர்களைவிட உங்களுக்குச் சட்டென்று விளங்கும் என்பதுதான்.

ஒரு பழைய மாணவர் சங்கத்தில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தேன். ஊரில் படித்த பள்ளிக்கூடத்துக்குக் கணினி அறை ஒன்று கட்டினோம். இராப்போசன விருந்து வைத்து, வீடு வீடாக ரிக்கெற் விற்றுச் சேர்த்த காசு. திறப்பு விழாவுக்கு இங்கிருந்து நாலு பேர் போனார்கள். இரண்டு வருடத்தில் அறை பூட்டிக் கிடந்தது. ஏசி வேலை செய்யவில்லை, கரண்ட் பில் கட்ட ஒதுக்கீடு இல்லை, படிப்பிக்க ஆள் இல்லை. மாதச் செலவுக்கு என்று நான் காசு கேட்டபோது கூட்டத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. கட்டிடத்துக்குக் கொடுத்தால் பெயர் பொறிக்கலாம், கரண்ட் பில்லில் என்ன பொறிப்பது? உங்களில் அநேகமானோருக்கு இப்படி ஒரு பூட்டிய அறை தெரிந்திருக்கும்.

கனடாவின் தூரத்துப் பூர்வகுடி ஊர்களில் மத்திய அரசின் மானியம் பல காலமாக இந்தக் கணினி அறை போலத்தான் நடந்துகொண்டது.

குடிநீர் நிலையம் கட்டிவிட்டு விட்டுப் போகிற பொருள் அல்ல. மாடு வளர்க்கிற மாதிரி. நல்லநாள் பெருநாள் பார்க்காமல் ஒவ்வொரு நாளும் ஆள் நிற்க வேண்டும். குளோரின் அளவு, கலங்கல், வடிகட்டியின் அழுத்தம், எல்லாவற்றையும் பார்த்து எழுத வேண்டும். எங்களுடைய நிலையத்தில் ஒரு பம்ப் நின்றால் மற்றது தானாக ஓடும். உதிரிப்பாகம் பின்னேரத்துக்குள் லொறியில் வந்துவிடும். எனக்குக் காய்ச்சல் என்றால் மாற்று ஆள் இருக்கிறார். இந்த ஒழுங்கு சும்மா வரவில்லை. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வோக்கர்ரன் என்ற சிற்றூரின் கிணற்றுக்குள் மாட்டெரு கலந்த மழைநீர் இறங்கி, குளோரின் சரியாகப் போடாததால், 7 பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். அதன்பிறகு 2002-இல் ஒன்ராறியோ பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் கொண்டுவந்தது. இன்று நான் ஒரு மோசமான பரிசோதனை முடிவை அறிவிக்காமல் விட்டால் என்மேலேயே வழக்கு வரும்.

அந்தச் சட்டம் பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டு நிலங்களுக்குள் போகாது. அவை மத்திய அரசின் பொறுப்பு என்பதால் மாகாணச் சட்டம் வேலியோடு நின்றுவிடுகிறது. 2005 ஒக்ரோபரில் ஜேம்ஸ் குடாவுக்குப் பக்கத்திலுள்ள கஷெச்செவன் என்ற பூர்வகுடி ஊரில் தண்ணீரில் ஈகோலை கிருமியைக் கண்டு, நூற்றுக்கணக்கானவர்களை விமானத்தில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். அங்கே குடிநீர் எடுத்த இடம், கழிவுநீர்க் குளத்துக்குக் கீழ்நீரோட்டத்தில் இருந்தது. வோக்கர்ரனுக்குப் பிறகு சட்டம் வந்தது. கஷெச்செவனுக்குப் பிறகு எட்டு வருடம் கழித்து, 2013-இல், மத்திய அரசு பூர்வகுடிகளின் குடிநீருக்கு ஒரு சட்டம் செய்தது. தரத்தைக் கேட்ட அந்தச் சட்டம் அதற்கான காசைத் தரவில்லை. 2022-இல் அதை நீக்கிவிட்டார்கள்.

வோக்கர்ரனில் இப்போது ஒப்பரேற்றர்களுக்கான ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசையில் வடக்கிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். அவருடைய ஊருக்கு றோட்டு இல்லை, விமானம்தான். மத்தியானச் சாப்பாட்டில், "நீங்கள் இங்கே நிற்க, அங்கே யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டேன். மச்சான் பார்க்கிறானாம். மச்சானுக்கு லைசென்ஸ் இல்லை. பட்டணத்தில் கூடச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தும் போகாமல் இருப்பதாகச் சொன்னார். போனால் நிலையத்தை யாரிடம் கொடுப்பது என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இருக்கவில்லை.

அது அவருடைய தனிக்கதை என்றுதான் அப்போது நினைத்தேன். 2021 பெப்ரவரியில் கனடாவின் தலைமைக் கணக்காய்வாளர் கரன் ஹோகனின் அறிக்கை வந்தது. பூர்வகுடிச் சமூகங்களின் குடிநீர் நிலையங்களை இயக்கிப் பராமரிக்கும் காசைக் கணக்கிடும் சூத்திரம் 30 வருடமாகத் திருத்தப்படவே இல்லை என்று அதில் இருந்தது. அங்குள்ள ஒப்பரேற்றர்களின் சம்பளம் வெளியே இருப்பவர்களைவிட 30% குறைவு என்றும் இருந்தது. அந்தப் பழைய சூத்திரம் சொல்லும் தொகையிலும் நெடுங்காலம் 80% மட்டுமே ஒட்டாவா தந்தது. மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். 2020 இறுதியில்தான் முழுவதையும் தருவதாக அறிவித்தார்கள். இதற்கு மேலே, 1996 தொடக்கம் இருபது வருடம், பூர்வகுடிச் சேவைகளுக்கான அடிப்படை நிதி வருடத்துக்கு 2 வீதத்துக்கு மேல் கூடக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள், விலைவாசி ஏறியது, நிதி 2 வீதத்திலேயே நின்றது.

இனிப் பனிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

வட ஒன்ராறியோவில் முப்பதை அண்டிய சமூகங்களுக்கு வருடம் முழுவதும் ஓடக்கூடிய றோட்டு கிடையாது. ஏரியும் சதுப்பும் உறைந்தபிறகு, தை நடுவிலிருந்து பங்குனி வரை, பனியை இறுக்கி ஒரு பாதை போடுவார்கள். சீமெந்து, குழாய், பம்ப், வருடத்துக்கான டீசல், எல்லாம் அந்தச் சில வாரங்களில் உள்ளே போக வேண்டும். தவறினால் விமானத்தில் ஏற்ற வேண்டும், அல்லது அடுத்த பனிக்குக் காத்திருக்க வேண்டும். மத்திய அரசின் நிதியாண்டோ ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. நிதி ஒப்பந்தங்கள் பல சமயம் ஆண்டு தொடங்கிச் சில மாதங்கள் போன பிறகே முடிவாகின்றன என்று 2011-இல் கணக்காய்வாளர் அலுவலகமே எழுதியது. அதாவது, கடிதம் ஆடியில் வருகிறது. அப்போது பாதை தண்ணீராகக் கிடக்கிறது. தையில் பாதை உறையும்போது செலவழிக்க இரண்டு மாதம்தான் மிச்சம். இப்போது குளிர்காலமும் சுருங்குகிறது. 2024 தொடக்கத்தில் பாதைகள் உறையாமல் போய், அங்குள்ள பூர்வகுடிச் சமூகங்களின் நிஷ்ணாபே அஸ்கி கூட்டமைப்பின் தலைவர்கள் அவசரநிலை அறிவித்தார்கள். ஒட்டாவாவின் கலண்டரை எழுதியவர் அந்த ஏரிக்கரையில் ஒரு மாசியைக் கழித்திருந்தால் இப்படி எழுதியிருக்கமாட்டார்.

கடதாசி வேலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முதியோருக்கான நியூ ஹொரைசன்ஸ் மானியத்துக்கு, 25,000 டொலருக்கு, எத்தனை இரவு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினோம்! முடிந்தபிறகு அறிக்கை, பற்றுச்சீட்டு, படம். அதைச் செய்ய எங்களிடம் கணக்காளர் பிள்ளைகள் இருந்தார்கள். 2002-இல் கணக்காய்வாளர் எண்ணிப் பார்த்தபோது, நான்கு மத்திய அமைப்புகளுக்கு மட்டும் ஒரு பூர்வகுடிச் சமூகம் வருடத்துக்குக் குறைந்தது 168 அறிக்கைகள் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தச் சமூகங்களில் பல 500 பேர்கூட இல்லாத ஊர்கள்.

எங்கள் வீட்டு விருந்துகளில் பூர்வகுடிகளைப் பற்றி நான் கேட்ட ஒரு கதைக்கு இங்கே பதில் சொல்ல வேண்டும். "அவைக்கு எல்லாம் இலவசம்தானே, ரக்ஸும் கட்டிறேல்லை." நல்ல மனிதர்கள் சொல்கிறார்கள், அதனால்தான் எனக்குக் கூடக் கவலை. நகரசபை தண்ணீர் பில்லிலும் வீட்டு வரியிலும் நிலையத்தை ஓட்டுகிறது. ஒதுக்கீட்டு நிலம் அரசின் பெயரில் இருக்கிறது. பெரும்பாலான சமூகங்களுக்கு எங்கள் நகரசபைக்கு இருப்பதுபோல வீட்டு வரி வருமானம் கிடையாது. அவர்களை அந்தச் சிறு நிலங்களுக்குள் வைத்தது, மீதி நிலத்தை எடுத்த அரசு. எடுத்த நிலத்தில் ஒரு துண்டுக்குத்தான் நானும் வங்கிக்கு மோட்கேஜ் கட்டுகிறேன். உடன்படிக்கையில் ஒரு பக்கத்தார் கொடுத்து முடித்துவிட்டார்கள். மற்றப் பக்கத்தார் கொடுக்க வேண்டியதற்கு மானியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நல்லது எதுவும் நடக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2015-க்குப் பிறகு குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்க வேண்டாம் என்ற நீண்டகால எச்சரிக்கைகளில் 140-க்கும் மேற்பட்டவை நீக்கப்பட்டிருக்கின்றன. 2019-இல் 85 சமூகங்களோடு, வருடாவருடம் கெஞ்சத் தேவையில்லாத பத்தாண்டு மானியம் தொடங்கியது. வின்னிபெக் நகரம் 1919-இலிருந்து ஷோல் ஏரியின் தண்ணீரைக் குடிக்கிறது. அந்த ஏரிக்கரையிலுள்ள ஷோல் லேக் 40 சமூகமோ, நகரத்துக்குக் கால்வாய் வெட்டியதால் தீவாகிப்போய், 1997 முதல் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தது. 2019-இல் றோட்டு வந்தது. 2021-இல் குடிநீர் நிலையம் திறந்தது. தொடர்ச்சியாகக் காசு வந்தால் வேலை நடக்கும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் நெஸ்கன்ராகாவில் 1995 பெப்ரவரி 1-இல் போட்ட எச்சரிக்கைக்கு 2025 பெப்ரவரியில் 30 வருடம் நிறைந்தது. 2021 மார்ச்சுக்குள் எல்லா எச்சரிக்கையும் நீங்கும் என்று தந்த வாக்கு தவறியது. 2023 டிசம்பரில் கொண்டுவந்த சி-61 குடிநீர்ச் சட்டமூலம், 2025 ஜனவரியில் பாராளுமன்றத்தை ஒத்திவைத்தபோது நிறைவேறாமல் விழுந்தது. 2024-இல், மனிரோபாவின் ஷமத்தாவா என்ற பூர்வகுடிச் சமூகம் தொடுத்த வழக்கில், சுத்தமான தண்ணீர் தரும் சட்டக் கடமை தனக்கு இல்லை என்று மத்திய அரசின் சட்டத்தரணிகள் வாதாடினார்கள். கடமை இல்லை என்றால் தருவதெல்லாம் கருணை. கருணையை எந்த வருடமும் குறைக்கலாம்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தண்ணீர்ப் போத்தல் சேர்த்து அனுப்பும் யோசனை சில சங்கங்களில் இருப்பதாக அறிந்தேன். நல்லெண்ணம்தான், ஆனால் அதை விட்டுவிடுங்கள். போத்தல் தண்ணீரைப் பல வருடமாக அரசே விமானத்தில் இறக்குகிறது. எங்களிடம் வேறு ஒன்று இருக்கிறது. தை மாதம் தமிழ் மரபுத் திங்கள் என்று எல்லாக் கட்சிக்காரரும் எங்கள் மேடைக்கு வருகிறார்கள். எங்களில் ஒருவரான ஹரி ஆனந்தசங்கரி 2023 ஜூலையில் பூர்வகுடி உறவுகளுக்கான அமைச்சராகவே பொறுப்பேற்றார். 2025 மே மாதம் பூர்வகுடிச் சேவைகளுக்கான அமைச்சராகக் கிறீ சமூகத்தைச் சேர்ந்த மாண்டி கல்-மாஸ்ரி பதவியேற்றார். பூர்வகுடி ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. கதவு தட்டத் தெரியாத சமூகம் அல்ல நாங்கள்.

பொன்னாடை போர்த்திய பிறகு, ஒலிவாங்கி எங்கள் கையில் இருக்கும்போதே, வருகிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேளுங்கள்: "பூர்வகுடிச் சமூகங்களின் குடிநீர் நிலையங்களை இயக்கும் முழுச் செலவையும், ஒப்பரேற்றரின் சம்பளம் உட்பட, பல வருடங்களுக்குச் சேர்த்துத் தருவதாகச் சட்டத்தில் எழுதுவீர்களா? எந்த ஆண்டுக்குள்?" கட்டுவதற்கு எத்தனை பில்லியன் தந்தோம் என்று பதில் வரும். அது நல்லது என்று சொல்லிவிட்டு, இயக்குவதற்கு எவ்வளவு என்று திரும்பக் கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதி, அடுத்த தையில் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள். அதற்கு முன், கேர்வ் லேக் சமூகத்தாரை உங்கள் கூட்டத்துக்கு அழைத்து, எங்களிடமிருந்து அவர்களுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். அவர்கள் சொல்வது நான் எழுதியதோடு ஒத்துவராவிட்டால், அவர்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நிலையம் எப்படி ஓடுகிறது என்று உறுப்பினர்களுக்கு விளங்கப்படுத்த யாராவது வேண்டுமென்றால் நான் வருகிறேன். இரவு ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் ஞாயிறு பின்னேரம் எனக்கு வசதி.

அன்புடன்,
ஒரு குடிநீர் நிலைய ஒப்பரேற்றர்,
முன்னாள் பழைய மாணவர் சங்கப் பொருளாளர்