எங்களை மதில்மேல் பூனை என்று சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரில் பால்புதுமையர் (எல்ஜிபிடி மக்கள்) பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். திருநங்கைகளின் படிப்பு, வேலை பற்றி நன்றாக எழுதியிருந்தீர்கள், ஆண்களை விரும்பும் ஆண்கள் பற்றியும் பெண்களை விரும்பும் பெண்கள் பற்றியும் கேலி இல்லாமல் மரியாதையாக எழுதியிருந்தீர்கள், அதற்கு மனசார நன்றி. ஆனால் இருபாலீர்ப்பு, அதாவது ஆண் மேலும் பெண் மேலும் ஈர்ப்பு வருவது, என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது. எல்ஜிபிடி என்பதில் எந்த எழுத்துக்கு என்ன பொருள் என்று விளக்கும் வரியில். அதற்கப்புறம் கடைசி வரைக்கும் தேடினேன், இல்லை. அந்த ஒரு எழுத்துக்குள் இருப்பவள் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு 36 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் கிராமம். ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆகிறது, ஒரு பையன் இருக்கிறான். என் வீட்டுக்காரரை நான் விரும்பித்தான் கட்டிக்கொண்டேன். அதற்கு முன்னால், தருமபுரியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தபோது, மூன்று வருஷம் ஒரு பெண்ணை விரும்பினேன், அவளும் என்னை விரும்பினாள். இரண்டுமே எனக்கு உண்மை. "அது அறியாத வயசு, இதுதான் நிஜம்" என்கிறது என் அக்கா. "அதுதான் நிஜம், இது ஊருக்குப் பயந்து செய்துகொண்டது" என்றார்கள் பெங்களூரில் நான் தேடிப் போன எங்கள் ஆட்கள். என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், இரண்டு பக்கமும் யாரும் கேட்கவில்லை.

பெங்களூரில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி ஒரே பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் வீச்சைக் குறைத்து, விருப்பத்தோடு சேர்ந்து வாழும் பெரியவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று சொன்ன பிறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அடுத்த வருஷம் ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம், அவர்கள் செய்யும் நல்ல வேலை எனக்குத் தெரியும். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள், என் முறை வந்ததும் எனக்கு இருபாலீர்ப்பு, கல்யாணமாகிவிட்டது, வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும் என்று சொன்னேன். அதுவரை சிரித்த முகமாக இருந்த அறை அப்படியே மாறிப்போனது. ஒருத்தி, "நீங்க மதில்மேல் பூனை, எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் குதிச்சிடுவீங்க" என்றாள். இன்னொருவர், "உங்களுக்கென்ன, தாலி இருக்கு, ரேஷன் கார்டு இருக்கு, நாளைக்கு ஏதாவது பிரச்சனைன்னா வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவீங்க" என்றார். ஊர்க்காரர்கள் சொன்னால் வலிக்கும், ஆனால் எதிர்பார்த்தது. இது எதிர்பார்க்காதது. திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி டோல்கேட் வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன்.

அந்த ரேஷன் கார்டு பேச்சில் உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். கல்லூரியில் நான் விரும்பியவளுக்கு ஆண்கள் மேல் ஒருநாளும் ஈர்ப்பு வந்ததில்லை. அவளே சொல்லியிருக்கிறாள். கடைசிப் பரீட்சை முடிந்த இரண்டாவது மாதம் அவளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க அவள் அப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள், என் அம்மா கொடுத்த காபியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கிடைத்த வழி அவளுக்குக் கிடைக்கவில்லை. 2023 அக்டோபர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தபோது, என் திருமணத்தைப் பதிவு செய்ய அரை நாள்கூட ஆகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். எனக்குக் கிடைத்த அந்த மரியாதை, பாதி வாழ்க்கையைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கும் வரைக்கும்தானே? வாயைத் திறந்தால் என்ன ஆகும்? சாதி மாறி ஒரு ஜோடி கல்யாணம் செய்துகொண்டதற்காக 2012-ல் நத்தம் காலனியில் வீடுகள் எரிந்தன, எங்கள் பக்கத்து மாவட்டமான தருமபுரியில்தான். காதல் என்ற சொல்லுக்கே இங்கே வீட்டில் குரலைத் தாழ்த்துவார்கள். அந்த ஊர்களில் இருந்துகொண்டு ஒரு பெண் "நான் ஒரு பெண்ணையும் விரும்பியவள்" என்று சொல்வது பாதுகாப்பான இடத்தில் ஒளிந்துகொள்வது ஆகாது.

மதில்மேல் பூனை என்கிறார்களே, அதற்கு எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். பள்ளிக்கூடத்தில், சந்தையில், பஸ்ஸில் தமிழ். ஓசூர் தாண்டிப் போனால் கன்னடம். வேப்பனஹள்ளி, தேன்கனிக்கோட்டை பக்கமெல்லாம் இப்படித்தான். என் பாட்டி தெலுங்கில் திட்டி, தமிழில் கொஞ்சுவாள். அவளைப் பார்த்து "நீ குழப்பத்தில் இருக்கிறாய், முதலில் ஒரு மொழியை முடிவு செய்" என்று யாராவது சொன்னார்களா? தமிழ் பேசும் நேரத்தில் அவளுக்குத் தெலுங்கு மறந்துபோய்விட்டது என்று யாராவது நினைத்தார்களா? ஒரு ஆணோடு வாழ்கிற நேரத்தில் என் இருபாலீர்ப்பு மட்டும் எப்படிக் காணாமல் போகும்?

ராபின் ஓக்ஸ் என்று ஒரு அமெரிக்கச் செயற்பாட்டாளர் இருக்கிறார். அவர் இதற்குக் கொடுக்கும் விளக்கம் எனக்குப் பிடிக்கும்: ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர் மேல் ஈர்ப்பு வரலாம், அது ஒரே சமயத்தில் வர வேண்டும் என்றில்லை, ஒரே மாதிரி வர வேண்டும் என்றில்லை, ஒரே அளவில் வர வேண்டும் என்றும் இல்லை. இதில் ஏமாற்றுவது எங்கே வந்தது, ஒரே நேரத்தில் இரண்டு பேர் வேண்டும் என்பது எங்கே வந்தது? ஒருவரோடு உண்மையாக வாழ்வது அவரவர் குணம்.

அப்புறம், இந்தப் போராட்டத்தில் எங்களுக்குப் பங்கு இல்லை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். 1969 ஜூனில் நியூயார்க்கில் பால்புதுமையர் கூடும் ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் புகுந்தது, அங்கிருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். அதற்கு அடுத்த ஜூனில் அந்த நினைவாக ஊர்வலம் நடந்தது. அதை ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர் பிரெண்டா ஹோவர்டு, அவர் இருபாலீர்ப்புள்ள பெண். இன்றைக்கு உலகம் பூராவும் ஜூன் மாதம் நடக்கிற வானவில் ஊர்வலங்களுக்கு வேர் அதுதான், சென்னையில் 2009-லிருந்து நடக்கிற ஊர்வலம் உட்பட. 1993-ல் வாஷிங்டனில் பெரிய பேரணி நடந்தபோது அதன் பெயரில் இருபாலீர்ப்பைக் குறிக்கும் 'பை' என்ற சின்ன ஆங்கிலச் சொல்லைச் சேர்க்கவே எங்களவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஊர்வலத்தைத் தொடங்கிவைத்தவர்கள் ஊர்வலத்தின் பெயருக்குள் நுழைய 23 வருஷம் ஆகியிருக்கிறது, இதை முதலில் படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. 1998-ல் மைக்கேல் பேஜ் எங்களுக்கென்று இளஞ்சிவப்பு, ஊதா, நீலம் சேர்ந்த கொடியை வடிவமைத்தார், அடுத்த வருஷத்திலிருந்து செப்டம்பர் 23 எங்கள் நாள்.

எண்ணிக்கையில் நாங்கள் குறைவும் இல்லை. அமெரிக்காவில் கேலப் நிறுவனம் எடுக்கும் கணக்கெடுப்புகளில் தங்களை எல்ஜிபிடி என்று சொல்லிக்கொள்பவர்களில் பாதிக்கு மேல் இருபாலீர்ப்பினர்தான். ஆனாலும் சான்பிரான்சிஸ்கோ நகர மனித உரிமை ஆணையம் 2011-ல், இருபாலீர்ப்பினர் யார் கண்ணிலும் படாமல் போவது பற்றியே தனியாக ஒரு அறிக்கை போட வேண்டியிருந்தது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் எங்களிடம் கூடுதல் என்று அதில் சொல்கிறார்கள். இரண்டு வீட்டிலும் சோறு இல்லாதவனுக்குப் பசி கூடத்தானே இருக்கும்.

டாக்டர் விஷயம் ஒன்று. 23 வயதில் என் அம்மா என்னை ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார், எந்த ஊர் என்று சொல்லவில்லை. அவர் என்னிடம் பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை. "ஆம்பள மேலயும் விருப்பம் இருக்கில்ல? அப்ப பிரச்சனையே இல்ல, சீக்கிரம் கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்" என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார். பெண்களை மட்டும் விரும்பினால் மாத்திரை, இரண்டு பேரையும் விரும்பினால் மாப்பிள்ளை. இப்போது சட்டம் அப்படி இல்லை என்பதை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ஆம் தேதி, ஒருவரின் ஈர்ப்பை மாற்றப் பார்க்கும் இந்த மாதிரி 'மாற்றும் சிகிச்சை'க்குத் தடை சொன்னார். அந்த வழக்கைப் புரிந்துகொள்ள அவரே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை நான் மறக்க மாட்டேன். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான் அதே வருஷம் தமிழக அரசு எங்களையெல்லாம் மரியாதையாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. நீங்கள் பால்புதுமையர் என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லைப் பொது வழக்குக்குக் கொண்டு வந்ததில் அந்தப் பட்டியலுக்குப் பங்கு உண்டு.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவர் அனுமதியோடுதான். நிச்சயத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் உட்கார்ந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வாரம் பேசவே இல்லை. கதை முடிந்தது என்றுதான் இருந்தேன். அப்புறம் ஒருநாள் போன் செய்து, "எனக்கு முழுசாப் புரியல, ஆனா நீ பொய் சொல்லலன்னு தெரியுது" என்றார். இன்றைக்கும் அவருக்கு முழுசாகப் புரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் என்னைத் திருத்த வேண்டும் என்று அவர் நினைத்ததே இல்லை.

உங்களிடம் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. அடுத்த தடவை எழுதும்போது எங்களில் ஒருவரிடமும் பேசுங்கள். ஒரு பெண்ணோடு இருந்தால் அவள் பெண்களை மட்டும் விரும்புகிறவள், ஆணோடு கல்யாணம் ஆகிவிட்டால் 'இயல்புக்குத் திரும்பினார்' என்று எழுதாதீர்கள், போன ஞாயிறு ஒரு படத்தின் கீழே அந்தச் சொற்கள் இருந்தன. கூட்டம் நடத்துகிற குழுக்களுக்கும் இந்தக் கடிதம் வழியாகச் சொல்கிறேன்: தருமபுரியிலிருந்தோ அரூரிலிருந்தோ ஒரு பிள்ளை வீட்டில் ஏதோ சாக்குச் சொல்லி, பஸ் காசு சேர்த்து, மூன்று நாலு மணி நேரம் பயணம் செய்து உங்களிடம் வருகிறது என்றால், அதற்கு வேறு இடம் இல்லாததால்தான் வருகிறது. முதல் கேள்வியே "நீ நிஜமா எந்தப் பக்கம்?" என்று இருக்க வேண்டாம். ஆண் பிள்ளையாக இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள், அவன் வெளியில் யாரிடமும் இதைச் சொல்லியிருக்கவே மாட்டான். முடிந்தால் செப்டம்பர் 23 அன்று தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஒரு சின்னக் கூட்டம் வையுங்கள். பத்துப் பேர் வந்தாலும் போதும், டீ செலவு என்னுடையது.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரையும் கிராமத்துப் பெயரையும் விட்டுவிடுங்கள். என் மாமியார் தினமும் காலையில் உங்கள் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். அவரிடம் நானே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம் அருகில், கிருஷ்ணகிரி மாவட்டம்