பாப்பாவுக்கு, டேக்ங்கற சொல்ல பத்தி

பாப்பா,

நேத்து நைட் ஷிப்ட் முடிச்சிட்டு பஸ் ஸ்டாப்ல நின்னு பேசுனப்ப, குளிர்ல வெரலெல்லாம் நம்ப் ஆயிடுச்சுப்பான்னு சொன்ன, அதுக்குள்ள பஸ் வந்துடுச்சு, டேக் கேர்ப்பான்னு போன வெச்சிட்ட. அந்த நம்பும் (numb) டேக்கும் (take) அப்பா மனசுல சுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதறேன்.

30 வருஷம் இங்கிலீஷ் கிளாஸ் எடுத்திருக்கேன். டேக்னா என்ன சார்னு பசங்க கேட்டா 'எடு'ன்னு சொல்லிட்டு அடுத்த சொல்லுக்கு போயிடுவேன், அது பத்தவே பத்தாதுன்னு இப்ப தோணுது. இங்கிலீஷ்காரங்க பஸ்ஸ டேக் பண்ணுவாங்க, நாம பிடிப்போம். மாத்திரைய நாம போடுவோம். உன் வார்டுல பல்ஸ டேக் பண்றாங்க, நம்மூர்ல நாடி பாப்பாங்க. டேக் ஆஃப்னா பிளேன் கிளம்புறதும் அதுதான், ஸ்வெட்டர கழட்டுறதும் அதுதான். டேக் ஆஃப்டர்னு ஒண்ணு இருக்கு பாரு, நீ உங்க பாட்டிய அப்படியே உரிச்சு வெச்சிருக்கியே, அது.

இதுல எனக்கு பெரிய ஆச்சரியம் என்னன்னா டேக் இங்கிலீஷோட சொந்த சொல்லே இல்ல. 866ல டென்மார்க், நார்வே பக்கத்துல இருந்து கடல் வழியா வைக்கிங் படை வந்து பிடிச்ச ஊரு நீ இருக்கற யார்க், அவங்க வெச்ச பேரு யோர்விக். காப்பர்கேட், ஸ்டோன்கேட்னு நீ நடக்கற தெருவெல்லாம் கேட்னு முடியுதுல்ல, அந்த கேட் வாசல் இல்ல, அவங்க பாஷைல தெரு. சண்டைக்கு வந்தவங்க அப்படியே குடியேறி, பயிர் வெச்சு, உள்ளூர்லயே கல்யாணம் காட்சின்னு கலந்துட்டாங்க. சாதாரணமா ஒரு பாஷை இன்னொண்ணுகிட்ட பொருளோட பேரத்தான் கடன் வாங்கும், நாம பஸ், காபின்னு வாங்குன மாதிரி. ஆனா இங்கிலீஷ்காரங்க அவங்ககிட்ட இருந்து 'அவங்க', 'அவங்கள'ங்கறதுக்கு தே, தெம்னு வாங்கியிருக்காங்க, முட்டைக்கு எக், கத்திக்கு நைஃப், புருஷனுக்கு ஹஸ்பண்ட், எல்லாம் அங்க இருந்து வந்ததுதான். ஒரே வீட்ல பொழங்குனாத்தான் இந்த மாதிரி சொல்லெல்லாம் ஒட்டும்னு நான் நினைக்கறேன். 'டக்கா'ன்னு அப்படி வந்ததுதான் டேக். அவங்க பாஷைக்கு ஒறவான காதிக்னு ஒரு பழைய மொழில இதே சொல்லுக்கு 'தொடு'ன்னு அர்த்தம்.

அப்ப இங்கிலீஷோட சொந்த சொல் எதுன்னு கேப்ப. நிமன். ஜெர்மன்ல இன்னைக்கும் நேமன்னு உசுரோட இருக்கு, இங்கிலீஷ்ல டேக் வந்து கொஞ்சம் கொஞ்சமா அத ஓரங்கட்டிடுச்சு. முழுசா போயிடல, நீ சொன்னியே நம்ப், அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு. நம்ப்னா 'எடுக்கப்பட்டது', அதாவது உணர்ச்சிய குளிர் எடுத்துட்டு போயிடுச்சுன்னு அர்த்தம், நாம மரத்துப்போச்சுன்னு சொல்றோம். நீ ஒரே போன்ல பழைய சொல்லையும் அத தள்ளிட்டு வந்த சொல்லையும் சேத்து சொல்லியிருக்க, அதுவும் அந்த ஊர்லயே நின்னுகிட்டு!

இன்னொண்ணும் சொல்லணும். டேக் கேர்ங்கறது எனக்கு எப்பவும் கொஞ்சம் வெறுமையா தெரியும், ஏர்போர்ட்ல நீ சொல்லிட்டு உள்ள போனப்ப கூட. நம்ம பாத்துக்கோ மாதிரி வருமான்னு நினைச்சேன். ஆனா பாத்துக்கோவ பிரிச்சா பார்த்து, கொள். கடைசில வர்ற அந்த 'கோ' கொள்ளுதான், கொள்னா வாங்கு, பிடி, எடு. கொள்வினை கொடுப்பினைல வர்ற அதே கொள். அப்ப நம்ம சொல்லுக்குள்ளயும் ஒரு டேக் இருந்திருக்கு, இத்தன வருஷம் வாய் நிறைய சொல்லிட்டு அப்பா கவனிக்கல. அவங்க கேர டேக் பண்ணுன்னு சொல்றாங்க, நாம பாக்குறத உனக்குன்னு எடுத்துக்கோன்னு சொல்றோம். நீ அங்க ராத்திரி பூரா பேஷண்ட்டுங்கள பாத்துக்கறவ, உன்ன பாத்துக்கறதுக்கு அங்க நீ மட்டும்தான் இருக்க.

அதனால சம்பளம் வந்ததும் முதல்ல நல்ல கிளவுஸா ஒண்ணு வாங்கிக்கோ. பஸ்ஸுக்கு நிக்கறப்ப மறக்காம போட்டுக்கோ. நைட் டூட்டி முடிஞ்சா நல்லா தூங்கிக்கோ. உடம்ப பாத்துக்கோ பாப்பா.

அப்பா