அந்த 15 யூரோ டிக்கெட்

ஆகன், ஜெர்மனி,
மார்ச் 8, 2026, ஞாயிறு

அன்புள்ள கயல்,

அந்த டிக்கெட்டை வாங்கிவிடாதே. ஏற்கெனவே வாங்கித் தொலைத்திருந்தால் சொல்லு, திட்ட மாட்டேன். பொய். திட்டுவேன்.

மூன்று மாதமாக உனக்கு எழுதவில்லை என்பது எனக்கும் தெரியும். பொங்கலன்று நீ அனுப்பிய குரல்செய்திக்கு ஒரு மஞ்சள் பொம்மையைத் தட்டிவிட்டதோடு சரி. தேர்வு, ஆய்வகம், சோம்பல். வரிசையைத் திருப்பிப் போட்டுக்கொள். மற்றபடி நலம். அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியே, தம்பி அப்படியே, நம் தோழி லோட்டா இன்னும் கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. ஊர்ச் செய்தி முடிந்தது.

இப்போது நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுக்கு வருவோம். ஆகஸ்ட் மாதம், டப்ளினிலிருந்து புடாபெஸ்ட், 15 யூரோ, நடுவில் லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் நான்கு மணி நேரம். நீ அந்த விலையைப் பார்த்தாய். நான் அந்த நான்கு மணி நேரத்தைப் பார்த்தேன். அது இரண்டு தனித்தனி டிக்கெட், கயல். ஸ்டான்ஸ்டெட்டில் நீ வெளியே வந்து, மறுபடி உள்ளே போக வேண்டும். அதற்குப் பிரிட்டன் விசா வேண்டும். உன் அயர்லாந்துக் குடியிருப்பு அட்டை (ஐ.ஆர்.பி.) அங்கே செல்லாது. புடாபெஸ்டில் இறங்க, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், அயர்லாந்து ஷெங்கனில் இல்லை. ஆக இரண்டு விசா இல்லாமல் அந்த 15 யூரோ வெறும் காகிதம். டப்ளினிலேயே உன்னை ஏற்றாமலும் போகலாம்.

உனக்கு ஒரு வேடிக்கை தெரியுமா? ரயன்ஏர் என்ற மலிவு விமான நிறுவனம் 1985-ல் முதன்முதலாகப் பறந்ததே உன் வாட்டர்ஃபோர்டிலிருந்துதான். 15 பேர் உட்காரும் குட்டி விமானம், லண்டன் காட்விக்குக்கு. இன்றைக்கு உன் ஊர் விமான நிலையத்தில் ஒரு பயணிகள் சேவைகூட இல்லை. மலிவு விமானம் பிறந்த ஊரில் இருந்துகொண்டு டப்ளினுக்குப் பஸ் ஏறும் யோகம் உனக்கு மட்டும்தான்.

இந்த ஒன்றரை வருடத்தில் நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மாணவர் டிக்கெட் என்று சென்னையில் நமக்குக் கிடைத்ததே, கூடுதல் பெட்டியோடு, அதை இங்கே தேடாதே. எராஸ்மஸ் மாணவர் அமைப்பின் அட்டைக்குச் சில தள்ளுபடிகள் உண்டு, கேட்டுப் பார். ஆனால் இந்த மலிவு விமானங்களில் நீ மாணவியா பாட்டியா என்று யாருக்கும் கவலையில்லை, எந்தக் கிழமை பறக்கிறாய் என்பதுதான் கணக்கு. வெள்ளி, ஞாயிறு என்றால் தொலைந்தாய். செவ்வாய், புதன், சில சமயம் சனி நல்லது. ஊர்ப் பெயரையும் நம்பாதே. போன வருடம் நான் பார்சிலோனா என்று நினைத்து ஜிரோனாவில் போய் இறங்கினேன். 90 கிலோமீட்டர்! மதுரை மதுரை என்று கூவி ஏற்றிக்கொண்டு கோவில்பட்டியில் இறக்கிவிட்ட மாதிரி. இந்தப் பக்கத்து வீட்சே, ஹான் எல்லாம் பழைய ராணுவ விமானத் தளங்கள். பனிப்போர் முடிந்ததும் படைகள் கிளம்பிவிட்டன, மிச்சமிருந்த ஓடுபாதையில் நாம் இறங்குகிறோம்.

பெயர் விஷயம் உனக்கும் வரும், கேள். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. வெறும் பூங்கொடி. ஒரு இடைத்தரகு இணையதளம் குடும்பப்பெயர் இல்லாமல் நகரவே மாட்டேன் என்றது. புள்ளி வைத்தேன், ஏற்கவில்லை. ஒற்றை எழுத்து வைத்தேன், ஏற்கவில்லை. கடைசியில் அப்பா பெயரை முழுசாகப் போட்டேன். விமான நிலையத்து மேசையில் இருந்த அம்மா, பாஸ்போர்ட்டில் வேலுச்சாமி எங்கே என்றார். பெயர் திருத்த 100 யூரோவுக்கு மேல் ஆகுமாம், டிக்கெட்டோ 19 யூரோ. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்புறம்தான் பொறி தட்டியது. கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். தகப்பனார் பெயர்: வேலுச்சாமி. அந்த அம்மா என்னையும் பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார். அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டேன். காரணம் சொல்லவில்லை. பணம் வேண்டுமா என்றுதான் கேட்டார்.

சரி, இதெல்லாம் சில்லறை. நான் நேற்றிலிருந்து மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருப்பது வேறு கணக்கு. நீ ஏன் ஆகஸ்ட் என்கிறாய்? எல்லாரும் ஆகஸ்டில் போகிறார்கள் என்பதாலா? ஐரோப்பா முழுக்கப் பள்ளி விடுமுறை, கட்டில் வாடகையிலிருந்து எல்லாமே ஏறிக்கிடக்கும். அதைவிட, ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நீ வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை பார்க்கலாம். உங்கள் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.15 யூரோ. ஒரு வாரம் ஊர் சுற்றினால் உனக்குப் போவது 566 யூரோ. 15 யூரோ டிக்கெட்டுக்கு ஆசைப்பட்டு 566-ஐ விடுகிறாய். நம் ‘கணக்கு’ அக்கா கேட்டிருந்தால் விடுதி வாசலிலேயே நிற்க வைத்திருப்பார்.

உன் வீட்டில் கடன் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியும், கயல். வட்டி கட்டுவதற்காக நீ முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்ப்பதை லோட்டா சொன்னாள். நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் இல்லை, மூன்று மாதம் பேசாமல் இருந்தது நான்தான்.

அதனால் மே கடைசி வாரம் வா. உன் தேர்வு அதற்குள் முடிந்துவிடும் என்றாய். அந்த வாரம் உனக்கு இன்னும் 20 மணி நேர வேலை வரம்புதான், இழப்பு பாதியாகிவிடும். இங்கே எனக்கும் பெந்தெகொஸ்தே வாரத்தில் வகுப்பு இல்லை. மே 26 செவ்வாய் டப்ளினிலிருந்து கொலோன், நேர் விமானம். இரண்டு ராத்திரி என் அறையில். 28 ராத்திரி பஸ்ஸில் பிராக். 29 அங்கே தங்கல். 30 சனிக்கிழமை பிராகிலிருந்து நேராக டப்ளின். திரும்பும் டிக்கெட்டை வேறு ஊரிலிருந்து போட்டால் இந்த விமானங்களில் விலை ஏறாது, ஒவ்வொரு வழியும் தனித்தனி விற்பனை. எட்டு நாட்டுப் பட்டியல் அனுப்பியவளுக்கு இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஆகனிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் ஒரே கல்லில் முட்டிக்கொள்கின்றன. 322 மீட்டர் மேடு. நெதர்லாந்துக்காரர்களுக்கு அது மலை. அழகர்மலை பார்த்து வளர்ந்த நாம் அங்கே நின்று சிரித்துவிட்டு வரலாம். ஆக நான்கு நாடு.

கணக்கு, யூரோவில்: விமானம் இரண்டு வழியும் சேர்த்து நேற்று பார்த்தபோது 70, விசா 90, காப்பீடு 15, உன் ஊரிலிருந்து டப்ளின் பஸ் போக வர 30, கொலோன்–ஆகன் ரயில் போக வர 40, பிராக் பஸ் 35, அங்கே ஒரு கட்டில் 25. மொத்தம் 305. 300-க்கு மேல் முடியாது என்றாயே, அந்த 5 யூரோவை நான் போடுகிறேன். ஐந்தாவது செமஸ்டரில் நீ எனக்காகக் கட்டிய 1,450 ரூபாயில் கழித்துக்கொள். சாப்பாடு என் பொறுப்பு. ஊறுகாய் கொண்டுவராதே. பொடி மட்டும், அதுவும் கட்டணமில்லாமல் ஏற்றும் 40×30×20 சென்டிமீட்டர் பைக்குள் அடங்குகிற அளவுக்கு.

விசாவில் கோட்டை விடாதே. அதிக நாள் எங்கே தங்குகிறாயோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆகவே ஜெர்மனி. அழைப்புக் கடிதம் நான் எழுதித் தருகிறேன். காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. குறைந்தது 15 நாளுக்கு முன் கொடுக்க வேண்டும் என்பது விதி, ஆனால் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதுதான் பாடு. விசா கையில் வரும்வரை டிக்கெட்டைத் தொடாதே. வந்த பிறகும், விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு முன்னால் ஆவணச் சோதனை மேசைக்குப் போ. ரயன்ஏரில் நம்மைப் போன்றவர்களுக்கு அது கட்டாயம்.

நாளைக் காலை இரண்டு வேலை மட்டும் செய். உன் ஐ.ஆர்.பி. அட்டையில் காலாவதித் தேதி என்ன என்று பார், நீ ஷெங்கனை விட்டுக் கிளம்பிய பிறகும் மூன்று மாதம் உயிரோடு இருக்க வேண்டும். அப்புறம் மே மாதத்துக்கு முன் விசாவுக்கு நாள் இருக்கிறதா என்று பார். இரண்டையும் எழுது. குரல்செய்தி வேண்டாம், ராத்திரி வேலை முடிந்து நீ பேசினால் பாதி கொட்டாவிதான் கேட்கிறது.

உன்,
பூங்கொடி