நிர்வாக முகவர் மாற்றமும் நம் பொறுப்பும்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கிழக்கு லண்டனில் உள்ள நமது 24 வீட்டுத் தொடர்மாடிக்கு இந்த ஆண்டு நடந்த பெரிய வேலை, பழைய நிர்வாக முகவரை விலக்கிப் புதியவரை அமர்த்தியது. பூந்தோட்டம், சைக்கிள் கொட்டகை போன்றவை பற்றிப் பொருளாளர் அறிக்கையில் உள்ளது. இங்கே முகவர் விடயத்தையே விரிவாக எழுதுகிறேன். சர்வீஸ் சார்ஜ் (கட்டடத்தின் பொதுச் செலவுக்கான பங்கு) கட்டும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு தெளிவு. குத்தகை வீடுகள் பற்றிய 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிர்வாக உரிமையைப் பெற்றது, கட்டடத்தை நாமே நிர்வகிக்க வீட்டு உரிமையாளர்களாகிய நாம் அமைத்த ஆர்.டி.எம். (நிர்வகிக்கும் உரிமை) கம்பனி. முகவர் அந்தக் கம்பனிக்காகச் சம்பளத்துக்கு வேலை செய்பவர், அவ்வளவுதான். தீ ஆபத்து மதிப்பீடு காலாவதியானாலும், காப்புறுதி விட்டுப்போனாலும், கணக்கு பிழைத்தாலும் முதலில் பதில் சொல்ல வேண்டியது நாமே. கம்பனிக்கு சர்வீஸ் சார்ஜைத் தவிர வேறு வருமானம் கிடையாது. சட்டப்படி வசூலிக்க முடியாமல் போகும் தொகையை ஈடுசெய்யக் கையில் எதுவும் இல்லை. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

முகவர் தெரிவு

இங்கிலாந்தில் நிர்வாக முகவராகத் தொழில் செய்ய உரிமம் தேவையில்லை. 2014 அக்டோபர் 1 முதல் அரசு ஏற்ற குறைதீர் திட்டம் ஒன்றில் அவர் சேர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே கட்டாயம். ஆகவே அதற்கு மேலாக, ஆர்.ஐ.சி.எஸ்., த ப்ராப்பர்ட்டி இன்ஸ்டிடியூட் ஆகிய தொழில்சார் அமைப்புகள் இரண்டில் ஒன்றின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட நிறுவனங்களிடம் மட்டுமே விலைமனு கேட்டோம். மூன்று வந்தன.

ஆகக் குறைந்த விலைமனு, வீட்டுக்கு ஆண்டுக்கு 210 பவுண். தெரிவு செய்தது 285 பவுண். வாட் வரி சேர்த்தால் முழுக் கட்டடத்துக்கும் முறையே 6,048, 8,208 பவுண். 2,160 பவுண் வித்தியாசத்தை ஏன் விட்டோம் என்று பலர் கேட்டீர்கள். முதலாவது விலைமனுவின் பின்னிணைப்பைப் படித்ததால்தான். அதில் ஆண்டுக்கு நான்கு தள வருகைகள் மட்டுமே அடக்கம். மாதம் ஒருமுறை வரவேண்டும் என்றால் மேலதிகமான எட்டு வருகைக்கும் தலா 150 பவுண், அதாவது 1,200. கம்பனிச் செயலர் பணிக்கு 480, இரவு நேர அவசரத் தொலைபேசிக்கு 360. கூட்டினால் 2,040, வாட் வரியோடு 2,448. மலிவு என்று வந்தது கடைசியில் 8,496 பவுணில் நின்றது. காப்புறுதித் தரகுப் பங்கையும் அந்த நிறுவனமே வைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தது. கட்டணத்தைச் செலவின் சதவீதமாக அல்லாமல் வீட்டுக்கு இவ்வளவு என்று நிலையாகக் கேட்பதே சரி. சதவீதம் என்றால், செலவு கூடக் கூட முகவருக்கு இலாபம்.

தெரிவில் எமக்கு மிகவும் உதவியது நேர்முகம் அல்ல, அவர்கள் ஏற்கெனவே பார்க்கும் கட்டடங்களை முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தது. குப்பை அறை, படிக்கட்டின் மேல்தள மின்குமிழ்கள், அறிவித்தல் பலகையில் உள்ள காப்புறுதிச் சான்றிதழின் திகதி: இந்த மூன்றையும் பார்த்தாலே போதும். நமக்கென நியமிக்கப்படும் அலுவலர் இன்னும் எத்தனை கட்டடங்களைப் பார்க்கிறார் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கினோம்.

ஒப்பந்தம்

பல கட்டடங்கள் சறுக்கும் இடம் இது. 12 மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு, எந்த ஒரு வீட்டின் பங்கும் ஒரு கணக்காண்டில் 100 பவுணைத் தாண்டினால், குத்தகை வீடுகள் பற்றிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி வீட்டு உரிமையாளர்களிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஒரு வீட்டிடம் ஆண்டுக்கு 100 பவுண் மட்டுமே வசூலிக்கலாம். நம் பங்கு வாட் வரியோடு 342 பவுண். கேட்கத் தவறினால் வீட்டுக்கு 242, மொத்தம் 5,808 பவுண் ஒவ்வொரு ஆண்டும் கைவிட்டுப் போகும்.

முகவர் அனுப்பிய மாதிரி ஒப்பந்தத்தில் 'ஓராண்டு, அதன்பின் மூன்று மாத அறிவித்தலில் முடிக்கும் வரை தொடரும்' என்று இருந்தது. பார்வைக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான். ஆனால் இதே போன்ற வாசகத்தை 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 12 மாதத்துக்கு மேற்பட்டது என்றே தீர்த்தது. ஓராண்டு முடிந்தபின்னும் குறைந்தபட்சம் சில காலம் அது நீடித்தே ஆகும் என்பதுதான் காரணம். ஆகவே அந்த வாசகத்தை எடுத்துவிட்டு, 2025 ஜூலை 1இல் தொடங்கி 2026 ஜூன் 30இல் தானாக முடியும் என்று மாற்றினோம். ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கையெழுத்திட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் விடக்கூடாது.

பணம்

1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி சர்வீஸ் சார்ஜ் பணம் உங்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கப்படும் பணம். முகவர் நிறுவனம் முறிந்துபோனாலும் அதன் கடன்காரர்கள் அதில் கைவைக்க முடியாது. ஆனால் எது நம் பணம் என்று பிரித்துக் காட்ட முடிய வேண்டும். பல கட்டடங்களின் பணம் ஒரே கணக்கில் கலந்திருந்தால் அது பெரும்பாடு. இப்போது நம் கட்டடத்தின் பெயரில் தனிக் கணக்கு உள்ளது. பொருளாளருக்கு அதைப் பார்க்க மட்டும் அனுமதி உண்டு, மாதந்தோறும் வங்கிக்கூற்றோடு ஒப்பிடுகிறார். 500 பவுணுக்கு மேற்பட்ட செலவுக்கு இரு இயக்குநர்கள் மின்னஞ்சலில் ஒப்புதல் தர வேண்டும்.

புதிய முகவரின் முதல் கட்டணக் கோரிக்கையை அனுப்புமுன் வாங்கிப் பார்த்தோம். உங்கள் உரிமைகளும் கடமைகளும் அடங்கிய, சட்டம் வகுத்த சுருக்கத் தாள் அதில் இல்லை. அது இணைக்கப்படாவிட்டால் கட்டணத்தை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை உண்டு. இணைத்த பிறகே அனுப்பப்பட்டது. இன்னொன்று: ஒரு செலவு ஏற்பட்டு 18 மாதத்துக்குள் கோரிக்கையோ எழுத்து அறிவித்தலோ வராவிட்டால் அதை வசூலிக்க முடியாது. பழைய முகவரின் கோப்பில் அப்படித் தூங்கிய பற்றுச்சீட்டுகளை எடுத்துக் காலக்கெடுவுக்குள் அறிவித்தல் கொடுத்தோம்.

கணக்குச் சுருக்கம் கையில் கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மூலப் பற்றுச்சீட்டுகளைப் பார்க்கக் கேட்கலாம். தயவுசெய்து கேளுங்கள். இதுவரை மிகச் சிலரே கேட்டுள்ளார்கள்.

கையளிப்பு

பழைய முகவரிடம் கேட்ட பட்டியல்: லீஸ் பிரதிகள், வீடுவாரியான நிலுவை விவரம், வங்கிக்கூற்றுகள், தீ ஆபத்து மதிப்பீடு, அஸ்பெஸ்டஸ் ஆய்வு, பொது மின்னிணைப்புச் சோதனை அறிக்கை, லிப்ட் அறிக்கைகள், ஐந்தாண்டுக் காப்புறுதிக் கோரிக்கை வரலாறு, ஒப்பந்தக்காரர் உடன்படிக்கைகள், நடப்பிலுள்ள 20ஆம் பிரிவு அறிவித்தல்கள், திறப்புகள், கதவுக் குறியீடுகள். காகிதங்கள் துண்டு துண்டாகவே வந்தன. கோரிக்கை வரலாறு பிந்தியதால் காப்புறுதி விலைமனு தாமதமாயிற்று. அதைத்தான் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

யாரும் பட்டியலில் எழுதாத ஒன்று லிப்டுக்குள் இருக்கும் அவசர அழைப்பு. அந்தத் தொலைபேசி இணைப்பு பழைய முகவரின் பெயரில் இருந்தது. அவர் கணக்கை மூடியிருந்தால், உள்ளே சிக்கியவர் அழுத்தினாலும் மறுமுனையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பொத்தானை அழுத்தி, மறுமுனையில் பேசியவரைத் தன் திரையில் தெரியும் முகவரியையும் தொடர்பு எண்ணையும் வாசிக்கச் சொன்னோம். முகவரி சரி, எண் பழைய முகவருடையது. இப்போது மாற்றியாயிற்று. பழைய செப்புக்கம்பித் தொலைபேசி வலையமைப்பு 2027 ஜனவரியோடு நிறுத்தப்படுவதால், மின்கலத்தோடு கூடிய கைபேசி வலையமைப்புக் கருவி பொருத்த விலை கேட்டுள்ளோம். மின்கலம் இல்லாத கருவி வேண்டாம் என்பது குழுவின் உறுதியான முடிவு. மின்தடை வரும்போதுதான் ஆட்கள் லிப்டில் சிக்குகிறார்கள்.

தீக்கதவுகள்

நம் கட்டடம் 11 மீற்றருக்கு மேல், 18 மீற்றருக்குக் கீழ். ஆகவே 2023 ஜனவரி 23 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி பொதுவழித் தீக்கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், உங்கள் வீட்டு வாசற்கதவுகளை ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். கதவுக்கும் அதன் நிலைச்சட்டத்துக்கும் இடையே மேற்புறத்திலும் பக்கங்களிலும் சுமார் 3 மில்லிமீற்றர் இடைவெளியே இருக்கலாம். ஒரு பவுண் நாணயத்தின் தடிப்பு 2.8 மில்லிமீற்றர், அதை வைத்தே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். கதவு அடித்துச் சாத்துகிறது என்று சிலர் தானாக மூடும் கருவியைக் கழற்றியிருந்தார்கள். கழற்ற வேண்டாம். அதன் திருகைச் சற்று இறுக்கினால் வேகம் குறையும், முகவரிடம் சொன்னால் செய்து தருவார்கள். அந்தக் கருவி இல்லாத ஒரு கதவு போதும், படிக்கட்டு முழுவதும் புகை சூழ்வதற்கு.

கூரை

தட்டைக் கூரை வேலைக்கு வந்த விலை 5,400 பவுண். ஒப்பந்தத்துக்கு 100 பவுண் போல, இத்தகைய கட்டட வேலைக்கு ஒரு வீட்டுக்கு 250 பவுணைத் தாண்டினால்தான் 20ஆம் பிரிவின்படி கருத்துக் கேட்க வேண்டும், 24 வீட்டுக்கு எல்லை 6,000, ஆகவே தேவையில்லை என்றார் முகவர். ஆனால் வாட் வரியும் சேர்த்தே கணக்கிட வேண்டும். 6,480 ஆகிறது, வீட்டுக்கு 270. வேலையை இரண்டாகப் பிரித்து எழுதலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. ஒரே கூரையின் ஒரே வேலையைப் பிரித்தால், சர்வீஸ் சார்ஜ் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் அதை ஒன்றாகவே பார்க்கக்கூடும்.

முதல் அறிவித்தல் இப்போது உங்கள் கையில் உள்ளது. 30 நாளுக்குள் கருத்தும் சொல்லலாம், உங்களுக்குத் தெரிந்த கூரை ஒப்பந்தக்காரரையும் பரிந்துரைக்கலாம். அடுத்து குறைந்தது இரண்டு விலைமனுக்களோடு இரண்டாம் அறிவித்தல், மீண்டும் 30 நாள். அதில் ஒன்றாவது நம்மோடு எந்தத் தொடர்பும் இல்லாதவரிடமிருந்து வர வேண்டும். ஆகக் குறைந்த விலையையோ நீங்கள் பரிந்துரைத்தவரையோ விட்டு வேறொருவரைத் தெரிவு செய்தால், ஒப்பந்தமாகி 21 நாளுக்குள் காரணத்தை எழுதி அறிவிப்போம். இதற்கிடையே கடும் ஒழுக்கு ஏற்பட்டால் விலக்குக் கோரித் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டு.

இயக்குநர்கள்

இரண்டு இயக்குநர் இடங்கள் வெற்றிடமாக உள்ளன. 2025 நவம்பர் 18 முதல் கம்பனி இயக்குநர்கள் அரசின் கம்பனிப் பதிவகமான கம்பனிஸ் ஹவுஸில் தம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். இணையத்தில் இலவசம், கடவுச்சீட்டு போதும். கிடைக்கும் தனிக் குறியீட்டை எனக்கு அனுப்பினால், கம்பனி விவரங்கள் சரியென அங்கே பதியும் ஆண்டு உறுதிக்கூற்றோடு சேர்த்துவிடுவேன். அந்தக் கூற்றையும் கணக்கையும் பதியாமல் விட்டுக் கம்பனி பதிவிலிருந்து நீக்கப்பட்டால் நிர்வாக உரிமையே போய்விடும். போட்டியிட விரும்புவோர் பொதுக்கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னதாகப் பெயர் தாருங்கள். வாடகைக்கு விட்டு வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களும் போட்டியிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்