மருத்துவமனை தந்த முகவரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வார்டில் முதியவர்களுடன் பேசிக்கொண்டிருக்கும் வேலையோடு, புதிதாகச் சேரும் தன்னார்வலர்களுக்கு டூட்டி பட்டியல் போடும் பொறுப்பையும் உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும், அதற்காக பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் மின்னஞ்சல் கணக்கு ஒன்று திறந்து தரப்போகிறார்கள் என்றும் அம்மா சொன்னாள். அங்கே எல்லாத் தன்னார்வலர்களுக்கும் இதைத் தருவதில்லை என்பதால் மகிழ்ச்சிதான். ஆனால் அரசு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொலைபேசியில் சொன்னால் "தெரியும்பா" என்று முடித்துவிடுவாய்; ஆகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள். என்.எச்.எஸ். டாட் நெட் என்று முடியும் அந்த முகவரியில் உன் பெயர் இருந்தாலும், கணக்கு மருத்துவமனையினுடையது. அதிலிருந்து போகும் கடிதத்தை வாங்குபவர், ஒரு பெண் எழுதியதாக நினைக்கமாட்டார். மருத்துவமனையே எழுதியதாக எடுத்துக்கொள்வார். வங்கிக் கணக்கு, அமேசான், நம் குடும்பத்து விமான டிக்கெட் எதையும் அந்த முகவரியோடு இணைக்காதே. அதே போல அங்கே வரும் எதையும் உன் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடாதே. வீட்டில் இருந்து பார்க்க வசதியாக இருக்கும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த நொடியிலேயே ஒரு நோயாளியின் விவரம் மருத்துவமனையின் காவலை விட்டு வெளியே போய்விடுகிறது.

கணக்கைத் திறந்து தருவது உள்ளூர் நிர்வாகி. தற்காலிகக் கடவுச்சொல் ஒன்று தருவார். முதல் முறை உள்ளே நுழையும்போது பயன்பாட்டு விதிகளை ஏற்கச் சொல்லும் பக்கம் வரும். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும் அந்தப் பக்கத்தை நீ ஒரு முறையாவது படித்துவிட்டு அழுத்து. பிறகு உன் கடவுச்சொல்லை வைக்கச் சொல்லும். தொடர்பில்லாத மூன்று சொற்களைச் சேர்த்து வைக்கும்படி பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமே அறிவுரை சொல்கிறது. அந்த மூன்றில் நம் ஊர்ப் பெயரும் உன் பிறந்த ஆண்டும் வரவேண்டாம். அவை உன் முகநூலிலேயே இருக்கின்றன. வேறெங்கும் பயன்படுத்திய கடவுச்சொல்லையும் இங்கே கொண்டுவராதே. இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குக் கைபேசியில் ஒரு செயலி வைக்கச் சொல்வார்கள். நீ உள்ளே நுழைய முயலாத நேரத்தில் அந்தச் செயலி அனுமதி கேட்டால், யாரோ உன் கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள் என்று பொருள். தூக்கக் கலக்கத்தில், தொல்லை தீரட்டும் என்று "சரி" அழுத்திவிடக் கூடாது. மறுத்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அவர்களுடைய உதவி மையத்துக்கும் சொல்லிவிடு.

இதெல்லாம் ஒரு மணி நேர வேலை. கடினமானது அதற்குப் பிறகுதான், அதுவும் அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளில்தான். பெறுநர் கட்டத்தில் இரண்டு எழுத்துகளைத் தட்டியதும் அதுவே பெயர்களை இறக்கிக் காட்டும். அந்த மின்னஞ்சல் சேவையின் முகவரிப் புத்தகம் உன் மருத்துவமனைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்து முழுவதற்கும் பொது. படேல் என்று தட்டினால் வரிசை நீண்டுகொண்டே போகும். ஒரே பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் பல பேர் இருப்பார்கள். ஒருவர் நீ தேடும் வார்டு சிஸ்டர், இன்னொருவர் எங்கோ வேறு ஊரில் பல் மருத்துவர். பெயரைப் பார்த்து மட்டும் அனுப்பாமல், பெயரோடு வரும் பதவியையும் மருத்துவமனையையும் பார்த்துவிட்டு அனுப்பு.

பலருக்கு ஒரே கடிதம் அனுப்பும்போது இன்னும் கவனம் வேண்டும். நீ டூட்டி பட்டியல் அனுப்பப் போகிறவள் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். லண்டனின் சோஹோ பகுதியில் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற பாலியல்நல மருத்துவமனை இருக்கிறது. எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கென நடத்திய ஒரு சேவையின் செய்திமடலை 2015 செப்டம்பரில் அவர்கள் 781 பேருக்கு அனுப்பினார்கள். பெறுபவர்கள் ஒருவர் முகவரியை ஒருவர் பார்க்க முடியாத பி.சி.சி. கட்டத்தில் போடவேண்டிய முகவரிகளை ஒருவர் "டூ" கட்டத்தில் போட்டுவிட்டார். ஒவ்வொருவருக்கும் மற்ற அனைவரின் முகவரியும் தெரிந்துவிட்டது. அவற்றில் 730 முகவரிகளில் முழுப் பெயரே இருந்தது. பக்கத்துத் தெருக்காரரின் பெயரை அந்தப் பட்டியலில் பார்த்தவர்களும் இருந்திருக்கலாம். அடுத்த ஆண்டு மே மாதம் தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் அந்த மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளைக்கு 1,80,000 பவுண்டு அபராதம் விதித்தது. எனக்கு அபராதத்தைவிட உறுத்தியது வேறொன்று. அதே அறக்கட்டளையில் 2010இலும் 17 நோயாளிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பியபோது இதே தவறு நடந்திருக்கிறது. கெட்ட எண்ணம் கொண்டவர் ஒருவரும் இதில் இல்லை; கட்டம் மாறிவிட்டது, அவ்வளவுதான். தன்னார்வலர்களின் சொந்த முகவரிகளும் காக்கப்படவேண்டியவையே என்பதால், நீ அனுப்பும் பட்டியல் கடிதத்தில் "டூ" கட்டத்தில் உன் முகவரியை மட்டும் போட்டு, மற்றவர்களைப் பி.சி.சி.யில் சேர்.

"ரிப்ளை ஆல்" பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 2016 நவம்பரில் அதே என்.எச்.எஸ். மின்னஞ்சலில், எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த பட்டியலுக்கு ஒரு சோதனைக் கடிதம் தவறிப் போய்விட, "என்னை இதிலிருந்து நீக்குங்கள்" என்று எல்லோருக்கும் பதில் அனுப்பியவர்களாலேயே அமைப்பு திணறிப்போனது. நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவை அறிந்தவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நோயாளியைப் பற்றி எழுதும்போது, கட்டாயம் தேவையானதை மட்டும் எழுது. மனநல மருத்துவர் ஃபியோனா கால்டிகாட் தலைமையிலான குழு நோயாளி விவரங்களைக் காப்பதற்காக 1997இல் வகுத்த ஆறு நெறிகள் இப்போது எட்டாக வளர்ந்திருக்கின்றன. அவற்றின் காவலர் என்று ஒரு மூத்த அதிகாரி உன் மருத்துவமனையிலும் இருப்பார். எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்று சொல்ல முடிந்தால் மட்டுமே பயன்படுத்து, தேவைப்படும் அளவுக்கு மட்டும், தெரிந்தே ஆகவேண்டியவருக்கு மட்டும் என்பதே அவற்றின் சாரம். "நான்காம் படுக்கைப் பாட்டி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை" என்பதை வார்டு சிஸ்டரிடம் நேரில் சொல்லலாம்; அதற்கு மின்னஞ்சலே வேண்டாம். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், பொருள் வரியில் நோயாளியின் பெயரைப் போடாதே. அந்த வரி திரையில் எப்போதும் விரிந்து கிடப்பது. என்.எச்.எஸ்.ஸுக்கு வெளியே உள்ள முகவரிக்கு அத்தகைய விவரம் போவதாக இருந்தால், பொருள் வரியின் தொடக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் "செக்யூர்" என்று ஆங்கிலத்தில் தட்டினால் கடிதம் பூட்டப்பட்டுப் போகும். ஆனால் ஒரு தன்னார்வலர் அப்படி அனுப்பவேண்டிய தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்று முதலில் உன் ஒருங்கிணைப்பாளரிடம் கேள். நோயாளி விரும்பினால் தன்னைப் பற்றி மருத்துவமனை வைத்திருக்கும் விவரங்களைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம், உன் மின்னஞ்சல் வரிகள் உட்பட. அந்தப் பாட்டியோ அவருடைய மகனோ படித்தால் முகம் சுளிக்கும் ஒரு சொல்லும் அதில் இருக்கக் கூடாது.

இனி ஏமாற்றுக் கடிதங்கள். எங்கள் பிரிவுக்கு, விபத்து வழக்குகளுக்காக ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், கேட்டு வெளியாட்கள் வருவார்கள். யாரும் திருட்டு முழியோடு வந்ததில்லை. சலவைச் சட்டை, கையில் ஒரு ஃபைல். "டீன் ஐயாதான் அனுப்பினார், கோர்ட்டில் கூப்பிட்டுவிட்டார்கள், சீக்கிரம் சார்" என்பார்கள். மேலதிகாரியின் பெயரும் அவசரமும் சேர்ந்து வந்தால் எழுத்தரின் கை தானாகவே அலமாரிச் சாவிக்குப் போகும். உனக்கு வரப்போகும் கடிதங்களும் இதே சலவைச் சட்டையில்தான் வரும். "உன் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே நுழை", "டி.பி.எஸ். (குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு) சான்றிதழ் காலாவதியாகிறது, கட்டணம் செலுத்து" என்று எழுதியிருப்பார்கள். தன்னார்வலர்களின் டி.பி.எஸ். சரிபார்ப்புக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை என்பது தெரிந்தால் இரண்டாவது கடிதத்தின் சாயம் உடனே வெளுத்துவிடும். சந்தேகம் வந்தால் இணைப்பைத் தொடாதே, பதிலும் போடாதே. உனக்கு ஏற்கெனவே தெரிந்த எண்ணில் அழைத்துக் கேள்.

என்.எச்.எஸ். கணினிகளை முடக்கிப் பணம் கேட்ட 2017 மே மாதத்து வானாக்ரை தாக்குதலும் ஏமாற்று மின்னஞ்சலால் வந்தது என்று சொல்லிவிடுகிறார்கள், அது சரியன்று. இரண்டு மாதத்துக்கு முன்பே மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருந்த திருத்தத்தைப் போடாத கணினிகள் வழியாக அது பரவியது. ஏறக்குறைய 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். ஆகவே உன் மடிக்கணினி "அப்டேட்" கேட்கும்போது நாளைக்கு என்று தள்ளிப்போடும் பழக்கத்தை விட்டுவிடு.

இத்தனைக்கும் பிறகும் ஏதாவது தவறிப்போனால், அதே நிமிடம் சொல்லிவிடு. கசிவு கடுமையானதாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனை தகவல் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். நீ தயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வோர் இரவும் அவர்களுடைய நேரத்தைத் தின்றுவிடும். அனுப்பியதை அழித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் இருப்பவரைத்தான் எந்த அலுவலகத்திலும் மன்னிப்பதில்லை. திட்டு வாங்குவதற்குப் பயந்து மறைக்காதே. உனக்குத் திட்டு புதிதா என்ன, அம்மாவிடம் வளர்ந்தவள்தானே.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இங்கிருந்து அந்தக் கணக்கைத் திறக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். தன்னார்வப் பணியை விடும் நாள் வந்தால், கணக்கை மூடச் சொல்லிவிட்டு வா. அடையாள அட்டையைத் திருப்பித் தர எல்லோருக்கும் நினைவிருக்கும், இது நினைவிருக்காது. அடுத்த சனிக்கிழமை ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கும்போது, டூட்டி பட்டியலுக்கென்று தனியாகப் பொது அஞ்சல் பெட்டி ஒன்று தர முடியுமா என்றும் கேள். தந்தால், உனக்குப் பிறகு வருபவர் உன் கணக்கைத் தேடவேண்டிய அவசியம் இருக்காது. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது, உன் ஜிமெயிலில் இருந்து.

இப்படிக்கு,
அப்பா