முடிவு தெரிந்தும் ஏன் படிக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, கோஸி மிஸ்டரி எனப்படும் இதமான துப்பறியும் கதைகளையும் சரித்திரக் காதல் நாவல்களையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பரணில் போட்டுவிட்டது. குற்றவாளி பிடிபடுவார் என்பதும் காதலர்கள் சேர்வார்கள் என்பதும் முதல் பக்கத்திலேயே தெரிந்த பிறகு இவற்றைப் படிப்பவர்கள் எதைத்தான் தேடுகிறார்கள் என்று கேட்டிருந்தார் கட்டுரையாளர். முப்பது ஆண்டுகளாக இவ்விரண்டையும் விரும்பிப் படிப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். அவர் கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றியது.

முடிவு தெரிந்த காதல் கதை நமக்கென்ன புதிதா? தொல்காப்பியம் அகவாழ்வைக் களவு, கற்பு என்றுதானே பிரித்துவைத்திருக்கிறது? களவில் தொடங்குவது கற்பில் போய்ச் சேரும் என்பது சங்கப் பாடலைக் கேட்டவர் அனைவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டார்கள். தலைவி அன்று என்ன சொன்னாள், தோழி அதை எப்படி மறைத்தாள் என்பதில்தான் அவர்கள் மனம் இருந்தது. கடைசியில் என்ன ஆகுமோ என்ற பதற்றம் இல்லாதபோது வாசகர் ஒவ்வொரு சொல்லையும் நின்று பார்க்கிறார். கோஸி மிஸ்டரிக்கும் இது பொருந்தும். எல்லாம் சரியாகிவிடும் என்ற உறுதியை ஆசிரியர் முன்கூட்டியே தந்துவிடுகிறார். அதற்குப் பதிலாக நம்மிடம் கேட்பது கவனத்தை.

அந்தக் கவனம் எப்படிப்பட்டது என்பதை என் அம்மாவிடம் கற்றேன். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் அவரைப் படிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், தினமும் மாலையில் நான் வாசித்துக் காட்டினேன். அப்போது எடுத்த புத்தகங்களில் ஒன்று, அகதா கிறிஸ்டியின் முதல் நாவல், 1920இல் வெளிவந்தது. அதில் ஓரிடத்தில், ஒரு பெட்டியின் பூட்டு உடைக்கப்பட்டிருப்பதைக் கண்ட துப்பறிவாளர் பொய்ரோ கணப்பு அடுப்பருகே போய் நிற்கிறார். அதன் மேல்தட்டில் இருந்த ஜாடிகளை அவருடைய கைகள் வழக்கம்போலத் தாமாகவே நேராக்குகின்றன. கைகள் நடுங்குகின்றன. அவ்வளவுதான்; கதை மேலே போய்விடுகிறது. வெகுநேரம் கழித்து, நண்பர் ஹேஸ்டிங்ஸ் பேச்சுவாக்கில் அந்த நடுக்கத்தை நினைவூட்டும்போதுதான் பொய்ரோவுக்கே பொறி தட்டுகிறது. அந்தத் தட்டில் இருந்தவற்றை அன்று காலையிலேயே அவர் ஒழுங்குபடுத்திவிட்டார். மறுபடியும் நேராக்க வேண்டியிருந்தது என்றால், நடுவில் வேறு யாரோ அவற்றைத் தொட்டிருக்க வேண்டும்!

அம்மா வாசிப்பை நிறுத்தச் சொன்னார். பழைய பக்கத்துக்குத் திரும்பி அந்த வரிகளை மறுபடி படிக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "கை நடுங்கியதைத்தான் பார்த்தோம். அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்காமல் விட்டுவிட்டோமே" என்றார். நானும்தான் ஏமாந்திருந்தேன். எதையும் ஒளிக்காமல், எல்லாவற்றையும் நம் கண்முன் வைத்துவிட்டு, நம் பார்வையை மட்டும் ஒரு விரற்கடை அப்பால் நகர்த்தும் கலை அது. யாருடைய கை அந்த ஜாடிகளைத் தொட்டது, எதற்காக என்பதை இங்கே எழுதமாட்டேன். இன்னும் படிக்காதவர்களின் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை.

இந்த நேர்மை அக்காலத்து எழுத்தாளர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்டது. பாதிரியாரும் துப்பறியும் கதை ஆசிரியருமான ரொனால்டு நாக்ஸ் 1929இல் பத்து விதிகளை எழுதினார். துப்பறிவாளருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் உடனே தெரிவிக்கப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. விவரங்களிலும் அலட்சியம் கிடையாது. முதல் உலகப் போரின்போது கிறிஸ்டி மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் வேலை செய்தவர். எந்த மருந்தை எதனுடன் கலந்தால் என்ன ஆகும் என்று அங்கே கற்றதைத்தான் கதையில் வைத்தார். அவருடைய முதல் நாவலில் நஞ்சு கையாளப்பட்ட விதம் பிழையின்றி இருப்பதாக மருந்தாளுநர்களின் தொழில் இதழே பாராட்டியது. இப்படி உழைத்து எழுதியதைப் 'பொழுதுபோக்கு' என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை.

சரித்திரக் காதல் நாவல்களின் மீது கட்டுரையாளருக்குக் கோபம் இன்னும் அதிகம். கவுனும் நடன விருந்தும் தவிர அவற்றில் ஒன்றுமில்லை என்கிறார். ஆங்கிலத்தில் இந்த வகை நாவல்கள் பெரிதும் விரும்பும் காலம் ரீஜென்சி. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நோயுற்றதால் அவருடைய மகன் பிரதிநிதியாக இருந்து ஆண்ட 1811 முதல் 1820 வரையிலான ஒன்பது ஆண்டுகள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு பெண் மணந்துகொண்டால், அவள் கையில் இருக்கும் பணமும் அவள் ஈட்டும் கூலியும் கணவனுக்கு உரியவை. இந்த நிலையை மாற்றிய சட்டங்கள் 1870, 1882ஆம் ஆண்டுகளில்தான் வந்தன. விவாகரத்து பெறுவதோ ஏறக்குறைய முடியாத காரியம். அப்படியானால் "இவனை நம்பலாமா?" என்று ஒரு கதாநாயகி முந்நூறு பக்கம் யோசிப்பதில் என்ன தவறு? வாழ்நாள் முழுவதையும் ஒரே முறை பணயம் வைக்கப்போகிறவள் யோசிக்கத்தான் செய்வாள். அவள் சரியான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்று கடைசிப் பக்கத்தில் அறியும்போது எனக்கு வரும் நிம்மதி பொய்யானதல்ல.

உடன்போக்கும் இந்தக் கதைகளில் உண்டு. 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, இங்கிலாந்தில் 21 வயது நிரம்பாதவர்கள் பெற்றோரின் விருப்பத்தை மீறி மணப்பது மிகக் கடினமாகிவிட்டது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் செல்லாது. ஆகவே காதலர்கள் வடக்கே வண்டியை விரட்டிக்கொண்டு எல்லைக்கு அப்பால் இருந்த கிரெட்னா கிரீன் என்ற சிற்றூருக்கு ஓடினார்கள். இதை முதலில் படித்தபோது, காதலனுடன் போய்விட்ட மகளைத் தேடிச் சுரத்தில் நடக்கும், சங்கப் பாடல்களின் செவிலித்தாய் நினைவுதான் எனக்கு வந்தது. பாலை நிலத்துக்குப் பதில் சேறு படிந்த சாலை. சிலம்பு கழற்றியவளுக்குப் பதில் தொப்பி அணிந்தவள். பின்னால் வருபவர்களின் தவிப்பு மட்டும் மாறவேயில்லை.

நடன விருந்தையும் பார்த்துவிடுவோம். 1815 ஜூன் 15 இரவு பிரஸ்ஸல்ஸ் நகரில் ரிச்மண்ட் சீமாட்டி கொடுத்த விருந்தின் நடுவில்தான் நெப்போலியன் படை முன்னேறி வரும் செய்தி வந்தது. ஆடிக்கொண்டிருந்த அதிகாரிகள் அப்படியே புறப்பட்டார்கள். மாற்று உடை அணிய நேரமின்றி, நடன உடையிலேயே மறுநாள் போரில் இறங்கியவர்களும் உண்டு. ஜூன் 18 அன்று, நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர். இந்தப் போரை மையமாக வைத்து ரீஜென்சி காதல் நாவல்களுக்குப் பெயர்பெற்ற ஜார்ஜெட் ஹேயர் 1937இல் எழுதிய நாவலைப் படித்த பிறகு, விருந்துக் காட்சி வரும் எந்தக் கதையிலும் நான் வாசலையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. கோஸி கதைகள் சிலவற்றில், இறந்தவருக்காக யாரும் ஒரு நிமிடம்கூட அழுவதில்லை. பிணம் வெறும் புதிரின் முதல் துண்டாகிவிடுகிறது. அத்தகைய புத்தகத்தை நான் பாதியிலேயே மூடியிருக்கிறேன். ரீஜென்சி நாவல்களில் எனக்கு அதைவிடப் பெரிய மனக்குறை உண்டு. அந்தப் பிரபுக்களில் பலரின் செல்வம் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து, அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. 1833இல் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோதும் இழப்பீடாக ஒதுக்கப்பட்ட 2 கோடி பவுண்டு அடிமைகளின் உடைமையாளர்களுக்குத்தான் போனது. அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இதைப் பற்றி மூச்சுவிடாத நாவல்கள் ஏராளம். நாயகனின் மாளிகையை நான்கு பக்கம் வர்ணிக்கும் ஆசிரியர், அது எந்தப் பணத்தில் எழுந்தது என்று ஒரு வரியாவது எழுத வேண்டும் என்றே நான் எதிர்பார்க்கிறேன். கட்டுரையாளர் இதைக் கேட்டிருந்தால் அவருடன் சேர்ந்து நானும் கேட்டிருப்பேன். அவரோ முடிவு மகிழ்ச்சியாக இருக்கிறது என்பதையே குற்றமாகச் சொல்கிறார்.

என் வேண்டுகோள் எளியது. உங்கள் மதிப்புரைப் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது இந்த வகைப் புத்தகம் ஒன்றுக்கு இடம் கொடுங்கள். வரலாற்றைத் திரித்திருந்தால் கண்டிக்கட்டும், தடயத்தை ஒளித்து ஏமாற்றியிருந்தால் சுட்டிக்காட்டட்டும், நன்றாக இருந்தால் எதனால் என்று சொல்லட்டும். எழுதுபவர் புத்தகத்தை முழுதாகப் படித்தவராக இருந்தால் போதும். காதலர்கள் சேர்ந்தார்கள் என்று தாராளமாக எழுதலாம். அது எங்களுக்கு முன்பே தெரியும். கொலை செய்தவர் பெயரை மட்டும் தயவுசெய்து அச்சிட வேண்டாம்.

அன்புடன்,
நெடுநாள் வாசகி