பங்களா என்றால் பெரிய வீடு என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வார இதழில் பழைய வீடுகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பங்களா என்பது வெள்ளைக்காரர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன மாளிகை என்ற ஒரு வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் வேலூர் சுற்றுவட்டாரத்தில் கட்டட வேலை பார்த்தவன் நான். அதற்கு முன்னால், ஒரு பழைய பங்களாவின் வாட்ச்மேன் பிள்ளையாக, அதன் பின்பக்க அறையில் வளர்ந்தவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

அது அவர்கள் இங்கிருந்து எடுத்துக்கொண்ட வீடு. பெயரே சொல்கிறது. இந்தியில் 'பங்ளா' என்றால் வங்காளத்தது, வங்காளத்துப் பாணி வீடு. அங்கே அது குடியானவர்களின் குடிசை. மண் மேடை, மூங்கில் சட்டம், மேலே வைக்கோல். மழை கொட்டுகிற நாடு என்பதால் மூங்கிலை வில் மாதிரி வளைத்து, தண்ணீர் நிற்காமல் வழியும்படி கூரையை இரண்டு பக்கமும் தாழ இறக்கியிருப்பார்கள். அந்த வளைவு ராஜாக்களுக்கும் பிடித்துப்போனது. ஆக்ரா கோட்டையில் ஷாஜகான் கட்டிய மண்டபங்களின் கூரையைப் பாருங்கள், அதே குடிசை வளைவு. வங்காளத்து விஷ்ணுபூரில் 1655ல் செங்கல்லால் கட்டிய ஒரு கோயிலுக்குப் பெயரே 'ஜோர் பங்களா'. ஜோடிக் குடிசை என்று அர்த்தம். உண்மையிலேயே இரண்டு குடிசைகளை ஒட்டி வைத்த மாதிரிதான் இருக்கும்.

1676ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக வங்காளத்துக்குப் போன ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர், பின்னால் சென்னைக் கோட்டைக்கு கவர்னராக வந்தவர். கப்பல் ஆட்கள் தங்குவதற்குப் போட்டுக் கொடுக்கச் சொன்ன கொட்டகைகளைத்தான் அவருடைய நாட்குறிப்பு 'பங்களா' என்கிறது. பங்களா, குடிசை என்று இரண்டு சொல்லும் அதில் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. அதே சொல் நம் ஊரில் பணக்காரர் வீட்டுக்கு ஆகிவந்தது எப்படி என்றால், அதில் குடியேறியவர்களின் அதிகாரத்தால்தான். கலெக்டர் பங்களா, மிஷன் பங்களா, ரோட்டோரத்தில் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு ஒன்றாக டி.பி. என்று சொல்கிறோமே, அந்த டிராவலர்ஸ் பங்களா. சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கியதும் வேலூரில் இப்படி ஒரு மிஷன் பங்களாவின் சின்ன அறையில்தான்.

நம் பக்கத்துப் பழைய வீட்டையும் பங்களாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் தெரியும். நம் வீடு தெருவை ஒட்டித் திண்ணையோடு நிற்கும். உள்ளே போனால் நடுவில் முற்றம், அங்கேதான் வெளிச்சமும் காற்றும். பங்களா இதற்கு நேர் எதிர். நடுவில் கூடம், சுற்றிலும் வராந்தா, அதைச் சுற்றித் தோட்டம், அப்புறம் காம்பவுண்டு. (இந்தக் காம்பவுண்டு என்ற சொல்லும் மலாய் மொழியின் 'கம்போங்'கிலிருந்து வந்தது என்பார்கள்.) முற்றம் வானத்தை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. வராந்தா வெயிலை வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்துகிறது. இரண்டுமே இந்த மண்ணின் வெயிலைத் தெரிந்தவர்கள் செய்த வேலை.

நான் வளர்ந்த பங்களாவில் கத்திரி வெயில் நாட்களில் மதியம் அப்பா மேற்கு வராந்தாவில் வெட்டிவேர்த் தட்டியை இறக்கிவிட்டு, வாளித் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளித் தெளிப்பார். உள்ளே வரும் காற்று வாசனையோடு ஜில்லென்று வரும். கூடத்தின் சுவரில் உயரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதன் மரச்சட்டத்தின் கீழ்விளிம்பு மட்டும் தேய்ந்து, விரல் பதிகிற அளவுக்குப் பள்ளமாகி, எண்ணெய் தடவின மாதிரி பளபளக்கும். பங்கா என்று கூரையிலிருந்து தொங்கவிட்ட பெரிய விசிறியின் கயிறு போன வழி அது. துரை உள்ளே தூங்க, வராந்தாவில் உட்கார்ந்து ஒருவர் ராத்திரி முழுக்கக் கயிறு இழுத்திருக்கிறார். குளியலறைக்குப் பின்பக்கம் தனியாக ஒரு கதவும் உண்டு. மலம் எடுக்க வருபவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் வந்துபோக வைத்த கதவு. அந்தக் கட்டடத்தின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஓட்டையையும் கதவையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பிறகு இந்தப் பெயர் கடல் கடந்தும் போனது. 1870 வாக்கில் இங்கிலாந்தில் கென்ட் கடற்கரையில் பங்களாக்கள் எழுந்தன. அமெரிக்காவில் கலிபோர்னியா பக்கம் சாதாரணச் சம்பளக்காரர்கள் வாங்குகிற சின்ன வீட்டுக்கே அந்தப் பெயர்தான். இங்கிலாந்தில் இன்றைக்கும் பங்களா என்றால் மாடி இல்லாத வீடு, அவ்வளவுதான்.

நம் மாவட்டத்தில் மிச்சமிருக்கும் பங்களாக்களுக்கு இப்போது ரிப்பேர் என்ற பெயரில் நடப்பது மனதை வருத்துகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய பங்களாவின் சுண்ணாம்புப் பூச்சை உதிர்த்துவிட்டு சிமென்ட் பூசினார்கள். சுவரே சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமென்ட் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று அங்கே வேலை எடுத்தவரிடம் சொன்னேன். கேட்கவில்லை. ஒரே மழைக்காலம். பூச்சு கொப்புளித்து, தட்டினால் தகரம் மாதிரி சத்தம் வந்தது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து இந்த வேலையைக் கொடுங்கள்.

புது வீடு கட்டுகிறவர்களும் 'பங்களா மாதிரி வேணும்' என்றுதான் கேட்கிறார்கள். கையில் இருப்பது முப்பதுக்கு நாற்பது மனை. இரண்டு மாடி, முன்னால் கண்ணாடி, தூண்கள். மேற்குச் சுவர் மொத்தமும் வெயிலில் நிற்கும். மூன்று மணிக்கு வாங்கிய சூட்டை அந்தச் சுவர் நடுராத்திரி வரைக்கும் உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன் குடியாத்தம் பக்கத்தில் ஒரு தம்பி அப்படித்தான் கேட்டார். மாடியை அப்புறம் பார்க்கலாம், முதலில் மேற்கே ஐந்தடிக்கு ஓடு போட்டு ஒரு வராந்தா இழுப்போம் என்றேன். இடம் வீணாகுதே என்று ஒரு வாரம் யோசித்துத்தான் சரி என்றார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். சாயங்காலம் நாலு மணி, நல்ல வெயில். அந்த வராந்தாவில் அவருடைய அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, முறத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சத்துவாச்சாரி, வேலூர்.